அமெரிக்காவுல ஃபேர் சான்ஸ் ஹயரிங் வேலை நிஜத்துல எப்படி இருக்கும்? இதை கரியரா எடுக்கலாமா?

தாராளமா எடுக்கலாம். நான் கலிஃபோர்னியாவுல ஒரு தொண்டு நிறுவனத்துல ஜாப் டெவலப்பரா இருக்கேன். ஜெயில்ல இருந்து வெளிய வந்தவங்க, என்னைக்கோ முடிஞ்சுபோன கேஸ் இன்னும் பேரோட ஒட்டிக்கிட்டு இருக்கறவங்க, இவங்களுக்கு வேலை பிடிச்சுத் தர்றதுதான் வேலை. நீங்க சோஷியல் ஒர்க் படிச்சிருக்கேன், ஒத்து வருமான்னு கேட்டிருக்கீங்க. வரும். ஆனா பாதி நாள் முதலாளிங்க எதிர்ல உக்காந்து அவங்க பயத்தைக் கேக்கறதுலயே போயிடும், அதுல பொறுமை இருக்கணும்.

பயம் சின்னதுன்னு நினைக்காதீங்க. டேவா பேஜர்னு ஒரு சமூகவியல் ஆய்வாளர், மில்வாக்கியில ஆளுங்களை வேலை தேடற மாதிரி அனுப்பிப் பாத்து 2003ல ரிசல்ட் வெளியிட்டாங்க. கேஸ் இல்லாத வெள்ளையர்ல 34 சதவீதம் பேரை திரும்பக் கூப்பிட்டாங்க, கேஸ் இருக்குன்னு சொன்ன வெள்ளையர்ல 17, கேஸே இல்லாத கறுப்பர்ல 14, கேஸ் இருக்குன்னு சொன்ன கறுப்பர்ல வெறும் 5. எந்தத் தப்பும் பண்ணாத கறுப்பர், ஜெயிலுக்குப் போன வெள்ளையரை விட கீழ! இந்த வேலைக்கு வர்றவங்க முதல்ல இதை மனசுல வாங்கிக்கணும், ஏன்னா நம்ம கிட்ட வர்றவங்கள்ல பலர் கேஸ், நிறம்னு ரெண்டு மூடின கதவையும் தட்டிட்டுத்தான் வர்றாங்க.

முதலாளிங்க கிட்ட நான் நியாயம் பேசி ஆரம்பிக்கறது இல்ல, எது பயம்னு கேப்பேன். "இன்ஷூரன்ஸ் ஒத்துக்காது"ம்பாங்க, சரி பாலிசியை எடுங்க, எந்த வரின்னு பாப்போம்னு சேர்ந்து படிச்சா பல நேரம் அப்படி ஒரு வரியே இருக்காது. "திருடிட்டா?"ன்னு கேட்டா ஃபெடரல் பாண்டிங் புரோகிராம் இருக்கு, 1966ல தொழிலாளர் துறை ஆரம்பிச்சது, முதல் 6 மாசத்துக்கு 5,000 டாலர் வரைக்கும் திருட்டு, மோசடிக்கு காப்பீடு, கம்பெனிக்கும் செலவில்ல வேலைக்கு வர்றவருக்கும் செலவில்ல. இதைக் கேட்டதும் முகம் மாறும். இவங்களை எடுக்கற கம்பெனிக்கு வரியில கழிவு தர்ற டேக்ஸ் கிரெடிட்டும் ஒண்ணு இருந்துச்சு, ஆனா அது அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் அப்பப்ப நீட்டிக்கிற சட்டம், 2020ல நீட்டிச்சப்போ 2025 டிசம்பர் 31 வரைக்கும்னுதான் போட்டாங்க, அதை நம்பி பேச்சை ஆரம்பிக்காதீங்க.

சட்டமும் தெரிஞ்சிருக்கணும். விண்ணப்பத்துல "கேஸ் இருக்கா"ன்னு டிக் பண்ற கட்டத்தை எடுக்கணும்னு ஹவாய் 1998லயே தனியார் கம்பெனிகளுக்கும் சேத்து சட்டம் போட்டுச்சு. இங்க கலிஃபோர்னியாவுல 2018 ஜனவரியில இருந்து, 5 பேரோ அதுக்கு மேலயோ இருக்கற கம்பெனி முதல்ல கண்டிஷனல் ஆஃபர், அதாவது நிபந்தனையோட வேலை உறுதி குடுக்கணும், அப்புறம்தான் பழைய கேஸ் இருக்கான்னு பாக்கற பேக்கிரவுண்ட் செக். செக்ல ஏதாவது வந்து வேணாம்னு தோணுச்சுன்னா, என்ன குற்றம், எவ்ளோ நாளாச்சு, இந்த வேலைக்கும் அதுக்கும் சம்பந்தம் உண்டான்னு அந்த ஆளை தனியா எடைபோட்டுப் பாத்து, எழுத்துல சொல்லி, பதில் சொல்ல குறைஞ்சது 5 வேலைநாள் குடுக்கணும்.

அந்த 5 நாள்தாங்க எங்க வேலையோட உயிர். முதல்ல பேக்கிரவுண்ட் செக் ரிப்போர்ட் காப்பியை வாங்கி வரி வரியா படிப்போம். தள்ளுபடி ஆன கேஸ் தண்டனை மாதிரி நிக்கும், அதே பேருல இருக்கற வேற ஒருத்தரோட கேஸ் வந்து ஒட்டியிருக்கும். அப்புறம் கடிதம். ஒரு கிடங்கு வேலைக்கு ஆஃபர் வாங்கின ஒருத்தர் மூணு பக்கம் எழுதிட்டு வந்தார், சின்ன வயசுல அப்பா விட்டுட்டுப் போனதுல இருந்து ஆரம்பிச்சு. எல்லாம் உண்மை, மனசு கனத்து படிக்கவே முடியல. ஆனா எச்ஆர்ல இருக்கறவங்களுக்கு அது உதவாது. பக்கத்துல உக்காந்து, என்ன நடந்துச்சுன்னு ரெண்டு வரி, எத்தனை வருஷம் ஆச்சு, உள்ள இருந்தப்ப என்ன கத்துக்கிட்டீங்க, வெளிய வந்து எங்க வேலை பாத்தீங்க, யாரைக் கேட்டா சொல்வாங்கன்னு ஒவ்வொண்ணா எடுத்து ஒரு பக்கமாக்கினோம், ஃபோர்க்லிஃப்ட் சர்டிபிகேட்டை கூட வச்சோம். அப்பா கதையை எடுக்கலாமான்னு அவரைக் கேட்டுத்தான் எடுத்தேன், அது அவரோட வாழ்க்கை, நம்ம இஷ்டத்துக்கு வெட்டக்கூடாது. வேலை கிடைச்சுது.

கிடைச்சதோட முடியாது. கோர்ட் சார்பா இவங்களைக் கண்காணிக்கற ப்ரொபேஷன் ஆஃபீசரோட அப்பாயின்ட்மென்ட் ஷிஃப்ட் நேரத்துல விழும், சூப்பர்வைசர் கிட்ட சொல்லத் தயங்கி சொல்லாமலே லீவு போடுவாங்க, அங்கதான் வேலை போகுது. அதனால முதல் சில மாசம் ரெண்டு பக்கமும் போன் போட்டுக்கிட்டே இருப்பேன். வேலை போயிட்டா அந்த கம்பெனி அடுத்த ஆளை எடுக்கவும் யோசிக்கும், அந்த பாரத்தை ஒரு தனி மனுஷன் தலையில ஏத்தறது அநியாயம்னுதான் நான் நினைக்கறேன், ஆனா நடக்கறது அதான்.

உள்ள நுழையணும்னா ஜாப் டெவலப்பர், எம்ப்ளாயர் என்கேஜ்மென்ட், ரீஎன்ட்ரி (ஜெயில்ல இருந்து திரும்பி வர்றது) சர்வீசஸ் இந்த பேர்ல தேடுங்க. சோஷியல் ஒர்க் டிகிரி நல்லது, சேல்ஸ்லயோ எச்ஆர்லயோ கொஞ்ச நாள் இருந்திருந்தா இன்னும் நல்லது. ஜெயிலுக்குப் போய் வந்தவங்களே இந்த வேலையில நிறைய பேர் இருக்காங்க, நான் உருப்படியா கத்துக்கிட்டது முக்கால்வாசி அவங்க கிட்டதான், இன்டர்வியூக்குப் போற இடத்துல அப்படி யாராவது முடிவெடுக்கற பதவியில இருக்காங்களான்னு கேளுங்க, இல்லன்னா வேற இடம் பாருங்க.