பிரபலங்கள் மீதான பாலியல் வழக்கு: செய்தியா, வெறும் வம்பா?

'எத்தனையோ பிரச்சினை இருக்க, ஒரு பாடகர் மீதான பாலியல் வழக்குக்கு இவ்வளவு செய்தி தேவையா?' என்று கேட்டிருக்கிறீர்கள். தேவைதான். ஆனால் வருவதில் பாதி செய்தியே இல்லை.

2005இல் கலிபோர்னியாவில் மைக்கேல் ஜாக்சன் வழக்கு நடந்தபோது நீதிமன்றத்துக்குள் கேமராவுக்கு அனுமதி இல்லை. விடுவார்களா? நடிகர்களை வைத்து விசாரணையை நடித்தே காட்டியது ஒரு தொலைக்காட்சி! ஒருநாள் ஜாக்சன் இரவில் தூங்கப் போடும் பைஜாமாவோடு நீதிமன்றத்துக்கு வந்தார். உலகம் முழுக்க அதுதான் பேச்சு. அன்றைக்குச் சாட்சிக் கூண்டில் இருந்த, அவர் மீது பாலியல் புகார் சொன்ன சிறுவன் சொன்னது அடிபட்டுப்போனது. கடைசியில் ஜாக்சன் விடுதலையானார். ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரிந்தவர்கள் குறைவு.

அமெரிக்கப் பாடகர் ஆர். கெல்லியைப் பாருங்கள். 2008இல் சிகாகோவில் விடுதலை. 2021இல் நியூயார்க்கில் குற்றவாளி, அப்புறம் 30 ஆண்டு சிறை. இரண்டாவது முறை அரசுத் தரப்பு, குற்றக் கும்பல்களுக்கு எதிரான சட்டத்தைக் கையிலெடுத்தது. மேலாளர், பாதுகாவலர், உதவியாளர் எனக் கூட இருந்தவர்கள் சேர்ந்து நடத்திய ஏற்பாடு வெளியே வந்தது. செய்தி அங்கேதான் இருக்கிறது. யார் ஆள் பிடித்துக் கொடுத்தார்கள், யார் பணம் கொடுத்து வாயை அடைத்தார்கள்? இதையெல்லாம் எழுத, வாரக்கணக்கில் நீதிமன்றத்தில் உட்கார்ந்து குறிப்பெடுக்கும் நிருபர் வேண்டும்.

மேல்முறையீடு வரை தொடரவும் வேண்டும். ஹாலிவுட் தயாரிப்பாளர் ஹார்வி வைன்ஸ்டீன் குற்றவாளி என்ற நியூயார்க் தீர்ப்பு 2024இல் ரத்தானதும் 'நிரபராதி' என்று சிலர் பரப்பினார்கள். உண்மையில், அந்த வழக்கில் சேராத பெண்களின் சாட்சியத்தை அனுமதித்தது தவறு என்றுதான் நீதிமன்றம் சொன்னது.