எல்லாப் படத்துக்கும் ஒரே அளவுகோலா?

கேள்வி: 2024இல் வந்ததில் 'மகாராஜா' சூப்பர், 'டிமான்ட்டி காலனி 2' பரவாயில்லை, 'லப்பர் பந்து' செம ஜாலி. 'மெய்யழகன்' தூக்கம் வரவழைத்தது. 'கொட்டுக்காளி'யில் பாட்டு இல்லை, மியூசிக் இல்லை, முடிவுகூட இல்லை. இப்படிப்பட்ட படங்களைப் பத்திரிகைக்காரர்கள் ஏன் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடுகிறீர்கள்?
- வாசகர், திண்டுக்கல்

பதில்: 'மகாராஜா' பிடித்ததில் உங்களோடு எனக்குச் சண்டை இல்லை. ஆனால் அந்தப் படத்தில் முதலில் என்ன நடக்கிறது? காணாமல் போன குப்பைத் தொட்டியைக் கண்டுபிடித்துத் தரச் சொல்லி ஒரு சலூன்காரர் ஸ்டேஷனுக்கு வந்து, அடி வாங்கியும் நகராமல், சொன்னதையே திரும்பத் திரும்பச் சொல்கிறார். பொறுமையாகத்தானே பார்த்தீர்கள்? கடைசியில் முடிச்சு அவிழும் என்று த்ரில்லர் முன்கூட்டியே வாக்குக் கொடுத்துவிடுகிறது. அந்த வாக்கு இல்லாத படத்துக்கு அதே பொறுமையைத் தர மாட்டேன் என்கிறீர்களே, அதுதான் என் வருத்தம்.

'லப்பர் பந்து' எனக்கும் ரொம்பப் பிடித்தது. கிரிக்கெட்டே கதியென்று கிடக்கிற கெத்துவின் மனைவி யசோதை டிராக்டரை ஓட்டி வந்து கிரவுண்டையே உழுது போடும்போது நானும் கைதட்டினேன். ஆனால் சாதி பார்த்து ஒரு நல்ல ஆட்டக்காரனை டீமில் சேர்க்காமல் விடுகிற கதையும் அதற்குள்தான் இருக்கிறது, அதை 'ஜாலி' என்று மட்டும் சொல்லிவிட்டுப் போக முடியவில்லை.

சரி, 'கொட்டுக்காளி'க்கு வருவோம். வேறு சாதிப் பையனை விரும்பிய மீனாவுக்குப் பேய் பிடித்திருக்கிறது என்று முடிவு கட்டி, மொத்தக் குடும்பமும் ஆட்டோவிலும் பைக்கிலுமாகச் சாமியாரிடம் கிளம்புகிறது. வழியில் ஒரு காளை ரோட்டை மறித்து நிற்கிறது. அத்தனை வீறாப்பு பேசின ஆண்கள் ஒன்றும் செய்ய முடியாமல் நிற்க, ஒரு சின்னப் பெண் வந்து அதைச் சர்வசாதாரணமாக ஓட்டிக்கொண்டு போகிறாள். அங்கே மியூசிக் போட்டிருந்தால் 'இது முக்கியமான இடம், கவனி' என்று அது நமக்குச் சொல்லிக் கொடுத்திருக்கும், இல்லாததால் நாமே பார்த்துக்கொள்கிறோம். முடிவு இல்லை என்பதையும் என்னால் ஒப்புக்கொள்ள முடியாது. பேயோட்டுகிறேன் என்று அந்தச் சாமியார் இன்னொரு பெண்மீது கை வைக்கிற விதத்தை, மீனாவைக் கட்டிக்கொள்ள இருக்கிற முறைமாமன் பாண்டி கண்ணால் பார்க்கிறான். அடுத்து மீனாவை அங்கே உட்கார வைப்பானா மாட்டானா என்பது இனி அவன் பாடு. இயக்குநர் வினோத்ராஜ் அதற்கும் ஒரு பதிலைச் சேர்த்திருந்தால் நீங்கள் நிம்மதியாக எழுந்து போயிருப்பீர்கள், அவ்வளவுதான்.

'மெய்யழகன்' நீளம் என்பதில் பாதி உடன்படுகிறேன். ஆனால் சொந்த வீட்டையும் தஞ்சாவூரையும் விட்டுப் போன ஒருவர், பல வருடம் கழித்து ஒரு கல்யாணத்துக்கு வந்த இடத்தில், பேர்கூட நினைவுக்கு வராத உறவுக்காரனோடு ராத்திரி முழுக்கப் பேசுகிற கதை அது, அதில் வேகத்தை எங்கிருந்து கொண்டு வருவது? இந்த மாதிரி முணுமுணுப்பு கிளம்பியதும் ரிலீஸான சில நாளிலேயே 18 நிமிடத்தை வெட்டினார்கள். அப்புறம் தியேட்டருக்குப் போனவர்கள் பார்த்தது இயக்குநர் பிரேம்குமார் முதலில் முடித்துக் கொடுத்த படம் இல்லை. இதை நினைத்தால் எனக்கு இன்னும் ஆறவில்லை.

'கொட்டுக்காளி' ஓடிடியில் வந்துவிட்டது. போனைத் தள்ளி வைத்துவிட்டு இன்னொரு முறை பாருங்கள். அப்போதும் பிடிக்கவில்லை என்றால் எந்தக் காட்சி, ஏன் என்று எழுதுங்கள், இதே பக்கத்தில் போடுகிறேன்.