உள்ளங்கால் எரிச்சலுக்கு பி காம்ப்ளெக்ஸ் போதுமா?

வாசகி கேள்வி: வணக்கம் மேடம். நாங்கள் பாலக்காடு மாவட்டத்தில் கொழிஞ்சாம்பாறை பக்கம். அத்தைக்கு (கணவரின் அம்மா) 61 வயது. சர்க்கரைக்குப் பத்து வருடமாக மெட்ஃபார்மின் சாப்பிடுகிறார். நெஞ்செரிச்சலுக்குக் காலையில் வெறும் வயிற்றில் ஒரு கேஸ் மாத்திரையும் உண்டு. ராத்திரியானால் உள்ளங்கால் எரிகிறது என்று காலில் ஈரத்துணி சுற்றிக்கொண்டு படுக்கிறார். மெடிக்கலில் பி காம்ப்ளெக்ஸ் கொடுத்தார்கள். ஆறு மாதம் ஆகியும் எரிச்சல் குறையவில்லை, சிறுநீர்தான் மஞ்சளாகப் போகிறது. அத்தை சுத்த சைவம். "தினமும் பழைய சோறு சாப்பிடுகிறேன், அதிலேயே பி12 இருக்கிறதாம்" என்கிறார். மாத்திரையை மாற்றுவதா, சாப்பாட்டிலேயே சரி செய்வதா? மாமாவுக்கும் இப்போது கால் எரிகிறது. அவர் மீன் சாப்பிடுவார், சாயங்காலம் கள்ளும் குடிப்பார். அவருக்கும் அதே மாத்திரையைக் கொடுக்கலாமா?

பதில்: முதலில் செய்ய வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். மாத்திரை எதையும் மாற்றுவதற்கு முன்னால் அத்தைக்கு ரத்தத்தில் பி12 அளவைப் பாருங்கள். மெட்ஃபார்மினை நீங்களாக நிறுத்த வேண்டாம். மாமாவுக்கு அத்தையின் மாத்திரையைக் கொடுக்க வேண்டாம். இருவருக்கும் கால்தான் எரிகிறது என்றாலும் காரணம் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை.

பி காம்ப்ளெக்ஸ் என்று ஒரே பெயரில் சொல்லிப் பழகிவிட்டோம். உள்ளே இருப்பவை எட்டு தனித்தனி சத்துகள்: தயமின் (பி1), ரிபோஃப்ளேவின் (பி2), நியாசின் (பி3), பான்டோதெனிக் அமிலம் (பி5), பிரிடாக்சின் (பி6), பயோட்டின் (பி7), ஃபோலேட் (பி9), கோபாலமின் (பி12). சாப்பிடும் சோற்றையும் எண்ணெயையும் உடம்பு சக்தியாக மாற்றும்போது இவற்றில் பலவும் கூட நின்று வேலை செய்கின்றன. இவற்றுக்கென்று சொந்தமாக சக்தி கிடையாது. அதனால்தான், குறைபாடே இல்லாத ஒருவர் 'சோர்வாக இருக்கிறது' என்று பி காம்ப்ளெக்ஸ் போட்டால் பெரிதாக எதுவும் நடப்பதில்லை. சிறுநீர் மஞ்சளாவது ரிபோஃப்ளேவினின் நிறம், அதில் பயம் வேண்டாம். ஆனால் மருந்து வேலை செய்கிறது என்பதற்கும் அது அடையாளம் இல்லை. தேவைக்கு மேல் போனது வெளியேறுகிறது, அவ்வளவுதான்.

நீங்கள் எழுதியதைப் படித்ததும் எனக்குச் சந்தேகம் பி12 மேல்தான் போகிறது. சைவம், மெட்ஃபார்மின், கேஸ் மாத்திரை என்று மூன்றும் அத்தையிடம் ஒன்றாக இருக்கின்றன. செடி கொடி எதுவும் பி12 தயாரிப்பதில்லை, நுண்ணுயிர்கள் மட்டுமே தயாரிக்கும். மாட்டின் இரைப்பையில் வாழும் பாக்டீரியா தயாரித்து, அது பாலுக்கு வருகிறது. நம் பெருங்குடலிலும் பாக்டீரியா இதைத் தயாரிக்கிறது. ஆனால் உடம்பு பி12ஐ உறிஞ்சும் இடம் சிறுகுடலின் கடைசிப் பகுதி. அதைத் தாண்டிய பிறகு தயாராவதால் நமக்குப் பயன்படுவதில்லை.

சாப்பாட்டில் வரும் பி12 புரதத்தோடு ஒட்டிக்கொண்டிருக்கும். வயிற்று அமிலம் அதைப் பிரித்துவிட வேண்டும். அப்புறம் இரைப்பை சுரக்கும் ஒரு புரதம், குழந்தையைப் பள்ளிக்குக் கூட்டிப் போகும் பாட்டி மாதிரி, அதைப் பிடித்துக்கொண்டு சிறுகுடலின் கடைசி வரை கொண்டுபோய் சேர்க்கும். நெஞ்செரிச்சல் மாத்திரை அமிலத்தைக் குறைப்பதால் முதல் வேலை மந்தமாகிறது. மெட்ஃபார்மின் கடைசிப் படியில் உறிஞ்சுதலைக் குறைக்கிறது. நல்லவேளையாக, கல்லீரல் சில வருடங்களுக்குத் தேவையானதைச் சேமித்து வைக்கும். அதனால் குறைபாடு மெதுவாகத்தான் தெரியவரும். மெட்ஃபார்மின் தொடங்கிப் பல வருடம் கழித்து எரிச்சல் வந்தால், அந்த மாத்திரைக்கும் இதற்கும் முடிச்சுப் போட வீட்டில் யாருக்கும் தோன்றாது. பிரிட்டனின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2022இல் இதற்காகவே மருத்துவர்களுக்கு நினைவூட்டல் அனுப்பியது: மெட்ஃபார்மின் சாப்பிடுபவருக்கு இப்படிப்பட்ட அறிகுறி இருந்தால் பி12 பாருங்கள் என்று.

சரி, பழைய சோறு. நல்ல சாப்பாடு, அத்தை அதை விட வேண்டியதே இல்லை. ராத்திரி முழுக்கத் தண்ணீரில் கிடந்து புளிக்கும்போது சில பி வைட்டமின்கள் கொஞ்சம் கூடலாம். இட்லி மாவு புளிக்கும்போதும் ரிபோஃப்ளேவின், ஃபோலேட் கூடுகின்றன. ஆனால் பி12க்கு அதை நம்பி இருக்க முடியாது. புளிக்க வைக்கும் பாக்டீரியா வகைகளில் பெரும்பாலானவை பி12 தயாரிப்பதில்லை. சில தயாரிப்பதும் நம் உடம்புக்கு உதவாத போலி வடிவம். கடைகளில் விற்கும் ஸ்பைருலினாப் பொடியிலும் இதே போலி வடிவம்தான் அதிகம். பழைய சோற்றில் பி12 இருப்பதாக வாட்ஸ்அப்பில் சுற்றும் செய்தியைப் படித்துவிட்டு சோதனையைத் தள்ளிப்போடுபவர்களைப் பார்த்தால் எனக்கு மனசு கேட்பதில்லை. எரிச்சலை ஆரம்பத்தில் கவனித்தால் சரி செய்துவிடலாம், நரம்பு ரொம்ப நாள் பழுதாகிவிட்டால் முழுதாகத் திரும்பாது.

சைவத்தில் பி12க்கு நம்பகமான ஆதாரம் பாலும் தயிரும்தான். கணக்குப் பார்ப்போம். பெரியவருக்கு ஒரு நாளைக்கு 2 முதல் 2.5 மைக்ரோகிராம் தேவை. 200 மில்லி டம்ளர் பசும்பாலில் 1 மைக்ரோகிராமுக்குச் சற்றுக் குறைவாக இருக்கும், ரொம்ப நேரம் கொதித்தால் அதிலும் கொஞ்சம் போகும். அத்தை ஒரு நாளில் எவ்வளவு பால் சாப்பிடுகிறார் என்று பாருங்கள். இரண்டு வேளை காபிக்கு ஊற்றுவது இரண்டு குழிக்கரண்டி. சோற்றுக்கு மோர், அதுவும் தண்ணீராகக் கரைத்தது. உங்கள் சித்தூர் தாலுகாவில் பாலுக்குப் பஞ்சமே இல்லை, ஆனால் வீட்டில் மாடு கட்டியிருப்பவர்களும் கறந்ததை சொசைட்டிக்கு ஊற்றிவிட்டு, மிச்சத்தைப் பேரப்பிள்ளைக்குக் கொடுத்துவிட்டு, தனக்கு வரக்காபி போட்டுக்கொள்வதை நான் நிறையப் பார்க்கிறேன். வயதான பெண்கள்தான் இப்படிச் செய்கிறார்கள். அத்தைக்கென்று தினம் ஒரு டம்ளர் பாலும் ஒரு கிண்ணம் கெட்டித் தயிரும் எடுத்து வையுங்கள், சர்க்கரை போடாமல். இது இனிமேல் குறையாமல் பார்த்துக்கொள்ள உதவும். ஏற்கெனவே விழுந்த பள்ளத்தை நிரப்ப, அதுவும் உறிஞ்சுதலே மந்தமாக இருக்கும்போது, சாப்பாடு மட்டும் போதாது.

இப்போது போடும் மாத்திரை அட்டையின் பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். பி12க்கு எதிரே எவ்வளவு என்று போட்டிருக்கிறது? பல பி காம்ப்ளெக்ஸ் மாத்திரைகளில் சில மைக்ரோகிராம்தான் இருக்கும். ஆரோக்கியமானவருக்கு அது போதும், அத்தைக்குப் போதாது. அடுத்து பிரிடாக்சின், அதாவது பி6. ஒரு நாளைக்கு நமக்குத் தேவை 2 மில்லிகிராம் அளவுதான். 'நரம்பு மாத்திரை' என்று விற்பவற்றில் சிலவற்றில் 50, 100 மில்லிகிராம்கூட இருக்கும். பி6 அதிகமாகி நெடுநாள் தொடர்ந்தால், அதுவே கால் மரத்துப்போவதையும் எரிச்சலையும் உண்டாக்கும். எந்த எரிச்சலுக்காக மாத்திரை போட்டாரோ அதே எரிச்சலை மாத்திரையே வளர்க்கும். ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அமைப்பு 2023இல் நாளொன்றுக்கு 12 மில்லிகிராம் என்று உச்சவரம்பு வைத்தது இந்த நரம்புப் பாதிப்பை முன்னிட்டுத்தான். (காசநோய்க்கு ஐசோநியாசிட் சாப்பிடுபவர்களுக்கு மருத்துவரே பி6 சேர்த்துக் கொடுப்பார், அது வேறு விஷயம். அதை நிறுத்தக் கூடாது.)

ஃபோலிக் அமில மாத்திரையை மட்டும் தனியாகப் போடுவதிலும் ஓர் ஆபத்து உண்டு. பி12 குறைவால் வரும் ரத்தசோகையை ஃபோலிக் அமிலம் சரி செய்துவிடும். ரிப்போர்ட்டில் ஹீமோகுளோபின் நன்றாகத் தெரியும், உள்ளே நரம்பு பழுதாவது மட்டும் நிற்காது.

சோதனைக்குப் போகும்போது ஆறு மாதமாக பி காம்ப்ளெக்ஸ் போடுவதைக் கட்டாயம் சொல்லுங்கள், அதனால் எண் கொஞ்சம் கூடித் தெரியலாம். பொதுவாக மில்லிக்கு 200 பிகோகிராமுக்குக் கீழே என்றால் குறைபாடு. 200க்கும் 300க்கும் நடுவில் இருந்தால் இரண்டுங்கெட்டான் நிலை. இவ்வளவு அறிகுறி இருக்கும்போது 'நார்மல்' என்று விட்டுவிடாமல், பி12 குறைந்தால் ரத்தத்தில் கூடும் மெத்தில்மலோனிக் அமிலம் அல்லது ஹோமோசிஸ்டீன் பார்க்கலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். கூடவே மூன்று மாத சர்க்கரை, தைராய்டு, சிறுநீரகம், முழு ரத்த அணுச் சோதனை. ஏனென்றால் சர்க்கரை நோயாலேயே இந்த எரிச்சல் வரும், பி12 குறைவும் சேர்ந்து இருக்கும். ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டால் மற்றது இல்லை என்று ஆகாது. முடி வளர பயோட்டின் மாத்திரை போடுகிறாரா? போட்டால் அதையும் சொல்லுங்கள், தைராய்டு ரிசல்ட்டையே அது தவறாகக் காட்ட வைக்கும்.

குறைபாடு உறுதியானால், நரம்பு அறிகுறி இருப்பதால் மருத்துவர் பெரும்பாலும் ஊசியில் தொடங்குவார். பிறகு 1000 மைக்ரோகிராம் மாத்திரைக்கு மாற்றலாம். ஏன் அவ்வளவு பெரிய அளவு என்று பயப்பட வேண்டாம். அந்த அளவில் கொடுத்தால், நான் மேலே சொன்ன புரதத்தின் துணை இல்லாமலே சுமார் 1 சதவீதம் தானாக உள்ளே போகும், அதுவே 10 மைக்ரோகிராம் ஆகிவிடும். மெட்ஃபார்மின் தொடரும்வரை இதுவும் தொடர வேண்டியிருக்கலாம். சோர்வு சில வாரங்களில் குறையும், கால் எரிச்சல் குறைய மாதங்கள் ஆகும். நடுவில் 'ஒன்றும் கேட்கவில்லை' என்று நிறுத்திவிடாதீர்கள். நெஞ்செரிச்சல் மாத்திரை இன்னும் தேவையா என்பதையும் அதே தடவை கேட்டுவிடுங்கள், வருடக்கணக்கில் பழக்கத்தில் போட்டுக்கொண்டிருப்பவர்கள் நிறைய.

வீட்டில் இரண்டு விஷயம் கவனியுங்கள். முகம் கழுவக் கண்ணை மூடும்போது அத்தை தள்ளாடிச் சுவரைப் பிடிக்கிறாரா? செருப்பு கழன்றது தெரியாமல் நடக்கிறாரா? அப்படியென்றால் எரிச்சலைத் தாண்டிவிட்டது, தள்ளிப்போடாமல் உடனே கூட்டிப் போங்கள். ஈரத்துணி பரவாயில்லை, ஆனால் விரலிடுக்கைத் துடைத்துவிட்டுப் படுக்கச் சொல்லுங்கள். வெந்நீர் ஒத்தடமும் ஐஸும் வேண்டாம், உணர்ச்சி குறைந்த காலில் புண் வந்தாலும் அவருக்குத் தெரியாது.

இனி மாமா. மீன் சாப்பிடுபவருக்கு பி12 கிடைக்கும், 100 கிராம் மத்தி மீனில் 8 மைக்ரோகிராம் அளவுக்கு இருக்கிறது. தினமும் குடிப்பவருக்கு முதலில் குறைவது தயமின். கள்ளில் ஈஸ்ட் இருக்கிறது, பி வைட்டமின் கிடைக்கும் என்று சொல்வார்கள். ஆனால் மதுவே தயமின் உறிஞ்சப்படுவதைத் தடுக்கிறது, நரம்பையும் நேராகக் கெடுக்கிறது. குடித்துவிட்டுச் சரியாகச் சாப்பிடாமல் படுத்தால் இன்னும் மோசம். அவருக்கும் சர்க்கரை பாருங்கள். தயமின் எவ்வளவு வேண்டும் என்பதை மருத்துவர் சொல்லட்டும். குடிக்காத நேரத்திலும் தடுமாறுகிறார், பேச்சு குழம்புகிறது, பார்வை இரண்டாகத் தெரிகிறது என்றால் அன்றைக்கே ஆஸ்பத்திரி. அங்கே போனதும் குடிப்பழக்கத்தை மறைக்காமல் சொல்லுங்கள். தயமின் ஊசி நேரத்தோடு போட்டால் மூளை தப்பும்.

தயமின் பேச்சு வந்ததால் உங்கள் ஊர் அரிசியைப் பற்றியும் சொல்ல வேண்டும். பழைய சென்னை மாகாணத்தில், இன்றைய ஆந்திரக் கடற்கரையான வடசர்க்கார் மாவட்டங்களில், தயமின் குறைவால் வரும் பெரிபெரி நோய் இருந்தது. தீட்டிய பச்சரிசிதான் அங்கே சாப்பாடு, தயமின் இருந்த தவிடு மில்லிலேயே போய்விட்டது. புழுங்கல் அரிசி சாப்பிட்ட தெற்கு ஜில்லாக்களில் அந்த நோய் அரிது. நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டுப் பக்கம் இருக்கும் சத்து அரிசிக்குள் இறங்கிவிடுகிறது, அப்புறம் தீட்டினாலும் ஓரளவு தங்கும். பாலக்காட்டு மட்டை அரிசியில் புழுக்கலும் உண்டு, சிவப்புத் தவிடும் மிஞ்சியிருக்கும். 'பளிச்சென்று வெள்ளையாக இல்லை' என்று அதைவிட்டு மெருகேற்றிய பொன்னிக்கு மாறிய வீடுகள் அங்கே உண்டு. நீங்கள் மாறியிருந்தால் திரும்புங்கள். மட்டையை நிறையத் தண்ணீரில் வேகவைத்து வடிப்பதுதான் வழக்கம், தண்ணீரில் கரையும் பி வைட்டமின்களில் கொஞ்சம் அந்தக் கஞ்சியோடு போகும். அதைக் கொட்டாமல் உப்புப் போட்டு மாமாவுக்குக் கொடுங்கள். அத்தைக்குச் சர்க்கரை என்பதால் சோற்றின் அளவோடு சேர்த்துக் கணக்கிட்டு அரை டம்ளர் போதும். தொட்டுக்கொள்ள ஒரு பிடி நிலக்கடலைத் துவையல், நியாசினுக்கு நல்லது. தட்டைப்பயறும் முருங்கைக்கீரையும் ஃபோலேட்டுக்கு. கீரையை நிறம் மாறும்வரை வேகவிடாமல் இறக்குங்கள்.

பாலக்காடோ பொள்ளாச்சியோ, எது வசதியோ அங்கே இந்த வாரமே காட்டுங்கள். போகும்போது அத்தை சாப்பிடும் எல்லா மாத்திரை அட்டைகளையும், கேஸ் மாத்திரை உட்பட, ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். பி12 எண்ணும் அட்டையில் உள்ள பி6 அளவும் தெரிந்ததும் எனக்கு எழுதுங்கள், அத்தையின் மூன்று வேளைச் சாப்பாட்டையும் அதற்கேற்றபடி மாற்றித் தருகிறேன்.