பார்க்காவிட்டால் பொருள் இல்லையா?

கேள்வி: பார்ப்பவர் இல்லாவிட்டால் பொருளும் இல்லை என்று குவாண்டம் இயற்பியல் நிரூபித்துவிட்டது, அதற்கு நோபல் பரிசே கொடுத்தாகிவிட்டது என்கிறார்கள், நான் போகும் மனப் பயிற்சி வகுப்பில். அப்படியானால் நம் நோயும் கடனும்கூட மனம் உண்டாக்கியவைதானா?
– ஒரு வாசகர், அல்சூர், பெங்களூரு

பதில்: இல்லை. நோபல் கொடுத்தது உண்மை. 2022இல் ஆஸ்பே, கிளாசர், சைலிங்கர் மூவருக்கும். ஆனால் அவர்கள் காட்டியது வேறு.

ஒளித்துகள்களை ஜோடியாக உண்டாக்கி, எதிரெதிர்ப் பக்கம் அனுப்பி, இரண்டின் அலைவுத் திசையையும் அளக்கிறார்கள். விடை அளப்பதற்கு முன்பே துகளிடம் தயாராக இருக்கிறது என்று வையுங்கள். ஒரு பக்கம் நடப்பது மறுபக்கத்தை ஒளியைவிட வேகமாக எட்டாது என்றும் வையுங்கள். இரண்டும் சரியென்றால், இரு பக்க விடைகளும் எவ்வளவு பொருந்துகின்றன என்று பல கோணங்களில் அளந்து சேர்த்துக் கணக்கிடும் எண் 2 என்ற எல்லையைத் தாண்டக் கூடாது. ஜான் பெல் 1964இல் தொடங்கிவைத்த கணக்கு இது. சோதனையில் தாண்டியது; குவாண்டம் கணக்கு 2.83 வரை இடம் கொடுக்கிறது. ஆக, இரண்டில் ஒன்றையாவது கைவிட வேண்டும். எதை என்பதில் இயற்பியலாளர்களுக்குள் இன்றும் ஒற்றுமை இல்லை.

அலைவுத் திசை போன்ற சில குணங்கள் அளக்கும்போதுதான் திட்டமாகின்றன என்ற பக்கம்தான் நான். அதற்காக எல்லாக் குணமும் அப்படியல்ல. எலக்ட்ரானின் மின்னூட்டம் யார் அளந்தாலும், அளக்காவிட்டாலும் அதேதான். அப்புறம், அளப்பது மனம் அல்ல, கருவி. ஆய்வகத்தில் ஒருவர்கூட இல்லாதபோதும் அது பதிவுசெய்துகொண்டுதான் இருக்கும்.

லால்பாக் போயிருப்பீர்கள். கெம்பேகவுடா கோபுரம் நிற்கும் பாறைக்கு வயது சுமார் 300 கோடி ஆண்டு. இத்தனை பழைய பாறைகளின் வயதை எப்படிக் கணிக்கிறார்கள்? உள்ளே இருக்கும் பொடிப்பொடியான சிர்கான் படிகங்களில் யுரேனியம் எவ்வளவு ஈயமாக மாறியிருக்கிறது என்று அளந்துதான். அணு சிதைவது முழுக்க முழுக்கக் குவாண்டம் விவகாரம். உலகில் கண் என்ற உறுப்பே தோன்றாத காலத்திலும் அது நடந்துகொண்டிருந்தது, அதன் கணக்கும் படிகத்திலேயே தங்கியிருக்கிறது. அப்போது யார் பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்று உங்கள் வகுப்பில் கேளுங்கள்.

நோயில் கிடப்பவரிடம் ‘உன் மனம்தான் இதை வரவழைத்தது’ என்பது கொடுமை. அதற்குப் பெல்லின் கணக்கைச் சாட்சிக்கு இழுப்பது பொய். வகுப்பில் மனம் அமைதிப்படுகிறது என்றால் சரி, போய் வாருங்கள். மருந்தை மட்டும் நிறுத்திவிடாதீர்கள்.