மத்திய அரசின் கடனை யார், எப்போது அடைப்பார்கள்?

கேள்வி இது: "மத்திய அரசு ஒவ்வொரு வருடமும் பற்றாக்குறை பட்ஜெட்தான் போடுகிறது. கடன் ஏறிக்கொண்டே போகிறது. ஒவ்வொரு இந்தியர் தலையிலும் ஒன்றரை லட்சம் ரூபாய் கடன் என்று வாட்ஸ்அப்பில் வருகிறது. இதை யார், எப்போது அடைப்பார்கள்?"

நான் பொருளாதாரம் படித்தவள் இல்லை. கிருஷ்ணகிரி மாவட்டம் காவேரிப்பட்டணத்தில் அஞ்சலகச் சிறுசேமிப்பு முகவராக இருக்கிறேன். வீடு வீடாகப் போய் ஆர்.டி. (மாதாமாதம் கட்டும் சேமிப்பு) பணம் வசூலித்து, லிஸ்ட் போட்டு, போஸ்ட் ஆபீசில் கட்டுவது என் வேலை. இந்தக் கேள்வி என் வேலைக்கு மிகவும் பக்கத்தில் இருப்பதால் பதில் எழுதுகிறேன்.

போன வருடம் தை மாதக் கடைசியில் ஒரு பாட்டி வீட்டுக்கு வசூலுக்குப் போயிருந்தேன். புளி சீசன் தொடங்கிவிட்டிருந்தது. திண்ணையில் புளியைக் குவித்து வைத்து, சின்னச் சுத்தியலால் தட்டித் தட்டிக் கொட்டையைத் தனியாக எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். உள்ளே டிவியில் பட்ஜெட் செய்தி. புளிப் பிசுக்கு ஒட்டிய விரலை முந்தானையில் துடைத்துவிட்டு 500 ரூபாயை நீட்டியவர், "ஏம்மா, கவர்மென்ட்டே கடன்ல இருக்குதாம்மே. எங் காசு அங்க பத்திரமா இருக்குமா?" என்று கேட்டார்.

நீங்கள் கேட்ட கேள்வியும் பாட்டி கேட்டதும் ஒன்றுதான். நீங்கள் கடனாளியின் பக்கம் நின்று கேட்கிறீர்கள். பாட்டி கடன் கொடுத்தவரின் பக்கம் நின்று கேட்டார். ஆமாம், அவர் அரசாங்கத்துக்குக் கடன் கொடுத்தவர்தான். போஸ்ட் ஆபீசில் கட்டும் ஆர்.டி., செல்வமகள், என்.எஸ்.சி. பணமெல்லாம் தேசிய சிறுசேமிப்பு நிதிக்குப் போகிறது. 1999ல் தொடங்கிய நிதி அது. அந்தப் பணத்தை வைத்து அரசாங்கத்தின் கடன் பத்திரங்களை வாங்குகிறார்கள். 2025-26 பட்ஜெட்டில் பற்றாக்குறையை ஈடுகட்ட இந்த வழியில் மட்டும் 3.43 லட்சம் கோடி ரூபாய் எடுப்பதாகப் போட்டிருந்தார்கள்.

கடனில் பெரும்பகுதி சந்தையில் பத்திரம் விற்று வாங்குவது. அதே பட்ஜெட்டில் அது நிகரமாக, அதாவது பழைய கடனைத் திருப்பிக் கொடுத்தது போக, 11.54 லட்சம் கோடி. அந்தப் பத்திரங்களை வாங்குவது வங்கிகள், எல்.ஐ.சி., பி.எஃப். போன்றவை. வங்கிகள் தங்களிடம் உள்ள டெபாசிட்டில் 18 சதவீதத்தை அரசுப் பத்திரம் போன்றவற்றில் வைத்தே ஆகவேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. 1990களின் தொடக்கத்தில் இது 38.5 சதவீதமாக இருந்தது. ஆக உங்கள் சம்பளக் கணக்கு, உங்கள் எல்.ஐ.சி. பாலிசி, உங்கள் பி.எஃப். எல்லாவற்றிலும் அரசாங்கக் கடனின் ஒரு துண்டு இருக்கிறது. மத்திய அரசின் கடனில் நூற்றுக்குத் தொண்ணூறு ரூபாய்க்கு மேல் நாட்டுக்குள்ளேயே வாங்கியது. தலைக்கு ஒன்றரை லட்சம் கடன் என்று செய்தி அனுப்புகிறவர்கள், அந்தக் கடனைக் கொடுத்ததும் பெரும்பாலும் நம் சேமிப்புதான் என்பதைச் சொல்வதில்லை. அதற்காக, நம்மிடம் நாமே வாங்கியதுதானே, போகட்டும் என்று விட்டுவிடவும் முடியாது. ஏன் என்று கடைசியில் சொல்கிறேன்.

முதலில் கணக்கு. லட்சம் கோடி என்றால் மனதில் நிற்காது. நான் வீட்டுக்காரம்மாக்களுக்குச் சொல்லும்போது ஒரு லட்சம் கோடியை ஆயிரம் ரூபாய் என்று வைத்துக்கொள்வேன். 2025-26 பட்ஜெட் அப்போது இப்படி வரும்: வருடச் செலவு 50,650 ரூபாய். கடன் வாங்காமல் கைக்கு வருவது 34,960. துண்டு விழுவது 15,690. அதுதான் நிதிப் பற்றாக்குறை. செலவில் பழைய கடனுக்கு வட்டி மட்டும் 12,760. ஏற்கெனவே நிற்கும் மொத்தக் கடன் ஏறக்குறைய 2 லட்சம்.

இப்படி ஒரு குடும்பம் நம் தெருவில் இருந்தால் யாரும் கைமாத்துகூடக் கொடுக்கமாட்டோம். ஆனால் இன்னொரு எண்ணையும் சேர்த்துப் பார்க்கவேண்டும். இதே கணக்கில் ஊர் முழுக்கச் சேர்ந்து ஒரு வருடத்தில் உண்டாக்கும் வருமானம் 3,57,000 ரூபாய். அதாவது நாட்டின் ஜிடிபி. ஊர் வருமானத்தில் வரி போடும் உரிமை அந்தக் குடும்பத்துக்கு இருக்கிறது. அதற்கு வயதாவதும் இல்லை, ஓய்வு பெறுவதும் இல்லை. அதனால் கடனை ஊர் வருமானத்தோடு ஒப்பிட்டுத்தான் அளக்கிறார்கள். 2 லட்சத்துக்கு 3,57,000 என்றால் சுமார் 56 சதவீதம்.

அடுத்த வருடம் விலைவாசி ஏற்றத்தையும் சேர்த்து ஊர் வருமானம் 10 சதவீதம் வளர்கிறது என்று வையுங்கள். 3,92,700 ஆகும். அந்த வருடமும் 15,700 புதுக் கடன் வாங்கினால் மொத்தம் 2,15,700. விகிதம் 55 சதவீதத்துக்கு இறங்கிவிடும். கடன் ஏறியது, பாரம் குறைந்தது. வளர்ச்சி 4 சதவீதமாகப் படுத்துவிட்டால் அதே கடனுக்கு விகிதம் 58க்கு ஏறும். கொரோனா வருடத்தில் நடந்தது அதைவிட மோசம். 2020-21ல் ஜிடிபியே சுருங்கியது, வரி வரவு விழுந்தது, நிதிப் பற்றாக்குறை 9.2 சதவீதத்துக்குப் போனது. மத்திய அரசின் கடன் ஜிடிபியில் 60 சதவீதத்தைத் தாண்டியது. அங்கிருந்துதான் மெல்ல மெல்ல 56க்கு இறங்கியிருக்கிறது. 2031 மார்ச்சுக்குள் 50 சதவீதத்தை ஒட்டிக் கொண்டுவருவது அரசு இப்போது அறிவித்திருக்கும் இலக்கு.

ஆக "எப்போது அடைப்பார்கள்" என்றால், முழுசாக அடைக்கப்போவதில்லை. முதிர்ந்த பத்திரத்துக்குப் பணம் சரியாக வந்துவிடும். ஆனால் அந்தப் பணம் பெரும்பாலும் புதுப் பத்திரம் விற்று வந்ததாக இருக்கும். 2025-26ல் சந்தையில் மொத்தமாக வாங்கத் திட்டமிட்டது 14.82 லட்சம் கோடி. நிகரம் 11.54. நடுவில் இருக்கும் 3 லட்சம் கோடிக்கு மேற்பட்ட தொகை பழைய கடனைத் திருப்பிக் கொடுக்க.

இது இன்று நேற்று தொடங்கியதும் இல்லை. சுதந்திர இந்தியாவின் முதல் பட்ஜெட்டை 1947 நவம்பர் 26 அன்று போட்டவர் நம் கோயம்புத்தூர்க்காரர் ஆர்.கே. சண்முகம் செட்டியார். ஏழரை மாதத்துக்கான பட்ஜெட். வரவு 171 கோடி, செலவு 197 கோடி. அதுவும் பற்றாக்குறைதான். ஆனால் அதற்குப் பின் 1970களின் கடைசி வரை அன்றாடச் செலவுக்குப் பெரும்பாலும் வரி வருமானமே போதுமானதாக இருந்தது. அணை, ஆலை, ரயில் என்று முதலீட்டுக்குத்தான் கடன் வாங்கினார்கள். 1979-80லிருந்து சம்பளம், மானியம், வட்டி மாதிரி அன்றாடச் செலவுக்கும் கடன் வாங்கும் பழக்கம் நிலைத்துவிட்டது. அதற்குத்தான் வருவாய்ப் பற்றாக்குறை என்று பேர். என்னைக் கேட்டால், மொத்தக் கடனைவிட இதைப் பார்த்துத்தான் பயப்படவேண்டும்.

1991 வந்தது. அப்போது நான் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தேன். நிதிப் பற்றாக்குறை ஜிடிபியில் 8 சதவீதத்தை நெருங்கியிருந்தது. அதோடு வளைகுடாப் போர், பெட்ரோலிய விலை ஏற்றம். இறக்குமதிக்கு டாலர் இல்லை. மே மாதம் 20 டன் தங்கம் சுவிட்சர்லாந்து வங்கிக்கு, ஜூலையில் 47 டன் தங்கம் லண்டனுக்கு. எங்கள் வீட்டில் அப்பா பேப்பரைப் படித்துவிட்டு வெகுநேரம் பேசவே இல்லை. அந்த வருடம் தண்ணீருக்குப் போர்வெல் போட அம்மாவின் கம்மலும் சங்கிலியும் அடகுக் கடையில் இருந்தன. "நாடே நகையை வெச்சிருச்சு" என்று மட்டும் சொன்னார். அன்று கழுத்தைப் பிடித்தது டாலரில் கொடுக்கவேண்டிய பாக்கி. ரூபாயில் வாங்கிய கடனுக்கு ரூபாயைத் தேடிக்கொள்ளலாம், டாலரை இங்கே அச்சடிக்க முடியாது. 2022ல் இலங்கை மாட்டிக்கொண்டதும் இப்படி வெளிநாட்டு நாணயத்தில் வாங்கிய கடனில்தான்.

ரூபாயைத் தேடிக்கொள்வதிலும் ஆபத்து உண்டு. 1997 வரை மத்திய அரசு துண்டு விழுந்தால் ரிசர்வ் வங்கியிடம் தற்காலிகக் கருவூல உண்டியல் என்ற கடன் சீட்டைக் கொடுத்துப் பணம் வாங்கிக்கொள்ளும். அச்சடித்த பணம் என்றே சொல்லலாம். அது விலைவாசியாகத் திரும்பி வரும். அந்த முறையை 1997 ஏப்ரலில் நிறுத்தினார்கள். 2003ல் நிதிப் பொறுப்புச் சட்டம் வந்தது, பற்றாக்குறையை 3 சதவீதத்துக்குள் கொண்டுவரவேண்டும் என்று. 2007-08ல் 2.5 வரை இறங்கினார்கள். அடுத்த வருடமே விவசாயக் கடன் தள்ளுபடி, ஆறாவது ஊதியக் குழு, உலக நெருக்கடி எல்லாம் சேர்ந்து 6 ஆகிவிட்டது. அதன்பிறகு அந்த 3ஐ எட்டவே இல்லை.

கடன் வாங்குவதே தப்பு என்று நான் சொல்லமாட்டேன். சொன்னால் நன்றிகெட்டவள் ஆவேன். தர்மபுரி, கிருஷ்ணகிரிக்காரர்களுக்குத் தெரியும், எங்கள் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு. என் வகுப்பில் பாதிப் பேருக்குப் பல்லில் மஞ்சள் காவி படிந்திருந்தது. பெரியவர்கள் முட்டியும் முதுகும் வளைந்து நடப்பதை வயதானால் வருவது என்றே நினைத்து வளர்ந்தோம். சுமார் 1,928 கோடி மதிப்பில் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்து, 2013ல் காவிரித் தண்ணீர் வரத் தொடங்கியது. அதன் பெரும்பகுதி ஜப்பான் கொடுத்த கடன். வெளிநாட்டிடம் மத்திய அரசு வாங்கி மாநிலத்துக்குக் கைமாற்றிக் கொடுத்த கடன். என் அக்கா பேரன் சிரிக்கும்போது அந்தக் கடனைத்தான் நினைத்துக்கொள்கிறேன். முப்பது வருடம் கட்டினாலும் தகும்.

அதே ஊரில் 1,000 அடி போர் போட்டுத் தண்ணீர் வராமல் வட்டி மட்டும் கட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். அரசாங்கத்துக்கும் இரண்டும் நடக்கும். 2020-21ல் வாங்கிய கடனில் நான்கில் மூன்று பங்குக்கு மேல் அன்றாடச் செலவுக்குப் போனது. பசியும் நோயுமாக இருந்த வருடம், அதை நான் குறை சொல்லவில்லை. 2025-26ல் அந்தப் பங்கை மூன்றில் ஒன்றாகக் குறைத்துத் திட்டம் போட்டிருந்தார்கள். திசை சரிதான். ஆனால் வட்டி? அதே திட்டத்தில் வருவாயாக வரும் நூறு ரூபாயில் 37 ரூபாய் வட்டிக்கே போனது. பள்ளிக்கூடத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் கை வைக்கும் முன்பே அந்த 37 போய்விடுகிறது.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். சில வருடங்கள் ரேஷன் அரிசிக்கான மானியத்தை மத்திய அரசு இந்திய உணவுக் கழகத்துக்கு முழுசாகக் கொடுக்காமல், எங்கள் சிறுசேமிப்பு நிதியிலிருந்து கழகமே கடன் வாங்கிக்கொள்ளும்படி செய்தது. செலவு அரசாங்கத்துடையது, கடன் கழகத்தின் பேரில். அதனால் பற்றாக்குறைக் கணக்கில் அது தெரியாது. 2021 பிப்ரவரி பட்ஜெட்டில்தான் இதை நிறுத்தி, பாக்கியைக் கணக்குக்குள் கொண்டுவந்தார்கள். பாட்டி கொடுத்த பணம் எந்தப் பேரில் எழுதப்பட்டது என்பதை நாடு தெரிந்துகொள்ளவேண்டும் என்பதால் எனக்கு அது பெரிய ஆறுதலாக இருந்தது.

இப்போது "யார் அடைப்பார்கள்" என்பதற்கு வருகிறேன். பாட்டி அந்த ஆர்.டி.யைத் தொடங்கியது 2020 ஜூலையில். அந்த வருடம் ஏப்ரலில்தான் வட்டியை 7.2லிருந்து 5.8 சதவீதமாகக் குறைத்திருந்தார்கள். ஆர்.டி.யில் தொடங்கிய நாளின் வட்டிதான் ஐந்து வருடமும். அந்த ஐந்தில் 2020-21, 2022-23 மாதிரி வருடங்களில் விலைவாசி 6 சதவீதத்துக்கு மேல் ஏறியது. 2025 ஜூலையில் முதிர்ந்தபோது 30,000 கட்டியதற்கு 34,848 ரூபாய் வந்தது. பைசா சுத்தமாக, சொன்ன தேதியில். பணம் பத்திரமாகத்தான் இருந்தது. ஆனால் அவர் கணக்குத் தொடங்கிய மாதத்தின் முதல் நாட்களில் ஒரு கிராம் தங்கம் 5,000 ரூபாய்க்குக் கீழே. முடிந்தபோது 9,000க்கு மேல். பேத்திக்குக் கம்மல் எடுப்பதற்காகச் சேர்த்த பணம் அது.

அரசாங்கத்தின் கடன் பாரம் 60லிருந்து 56க்கு இறங்கியது என்று சொன்னேனே, அதில் ஒரு பங்கு வளர்ச்சி, ஒரு பங்கு வரி, ஒரு பங்கு இந்த விலைவாசி. அந்தக் கடைசிப் பங்கைக் கட்டியவர்களில் புளி தட்டும் அந்தப் பாட்டியும் ஒருவர். கொடுத்தவர்களும் நாம், வாங்கியவர்களும் நாம் என்பது சரிதான். ஆனால் எல்லோரும் ஒரே அளவில் கட்டுவதில்லை. நிலமும் தங்கமும் உள்ளவர்களுக்கு விலைவாசி ஏறினால் சொத்தும் சேர்ந்து ஏறும். மாதம் 500 ரூபாய் ரொக்கமாகச் சேர்க்கிறவர்களுக்கு அப்படி இல்லை.

அந்த 34,848ல் பாட்டி பேத்திக்கு மூன்று கிராமில் கம்மல் எடுத்தார். செய்கூலி, ஜிஎஸ்டி போக மிச்சத்தை என்னிடமே கொடுத்து மறுபடியும் மாதம் 500க்குக் கணக்குத் தொடங்கச் சொன்னார். இந்த முறை வட்டி 6.7 சதவீதம். முதிர்வது 2030ல்.