டிஜிட்டல் எஞ்சின் மீட்டர் செட்டிங்குகளை இழந்தால் புதிய மீட்டர் வாங்க வேண்டுமா?

படகின் எஞ்சினை அணைத்துவிட்டு அடுத்த முறை இயக்கும்போது டிஜிட்டல் மீட்டர்களில் பதிந்து வைத்த செட்டிங்குகள் காணாமல் போகின்றன, புதிய மீட்டர் வாங்குவதுதான் வழியா என்று கேட்டிருக்கிறீர்கள். எஞ்சின் சுழலத் தொடங்கும் நேரத்தில் மீட்டருக்கு எத்தனை வோல்ட் போய்ச் சேருகிறது என்று அளந்து பார்க்கும்வரை எதையும் வாங்காதீர்கள். இதே தொல்லைக்காக நல்ல நிலையில் இருந்த ஒரு மீட்டரைக் கழற்றிவிட்டு, புதியதற்குப் பணம் கொடுத்தும் தொல்லை தீராமல் நின்றவன் என்பதால் இதைச் சற்று அழுத்தமாகவே சொல்கிறேன்.

உங்களுடையது அவுட்போர்டு எஞ்சின் (படகின் பின்புறம் வெளியே மாட்டும் எஞ்சின்) என்றும், மீட்டர்களுக்கான மின்சாரம் எஞ்சினிலிருந்து வரும் வயர் கட்டின் வழியே சாவியைத் திருப்பும்போது கிடைக்கிறது என்றும் எடுத்துக்கொள்கிறேன். இழப்பவை அநேகமாக எரிபொருள் தொட்டியின் கொள்ளளவு, டிரிம் (எஞ்சினின் சாய்வு) அளவுத் திருத்தம், லிட்டர், கேலன் போன்ற அலகுகள், ஆழமானியின் திருத்த எண் ஆகியவையாக இருக்கும். எஞ்சின் ஓடிய மணிக்கணக்கு பொதுவாக எஞ்சினின் கட்டுப்பாட்டுக் கணினியில் பதிவாவதால் அது மட்டும் பத்திரமாக இருக்கும். மணிக்கணக்கு அப்படியே இருக்கிறது, மற்றவை அழிகின்றன என்றால் எஞ்சின் பக்கம் சந்தேகப்பட வேண்டியதில்லை.

என் படகில் இது தொடங்கியபோது, பணிமனையில் பார்த்தவர் மீட்டரின் உள்ளே இருக்கும் மின்பலகை கெட்டுவிட்டது என்றார். பேட்டரியை அளந்தார், 12.6 வோல்ட் இருந்தது; மீட்டரின் பின்புறப் பிளக்கில் அளந்தார், அங்கும் ஏறத்தாழ அதே அளவு. மின்சாரம் சரியாக வருகிறது, ஆகவே மீட்டர்தான் பழுது என்பது அவருடைய முடிவு. புதிய மீட்டரைப் பொருத்தித் தொட்டியின் அளவைப் பதிந்துகொண்டு கிளம்பினேன். சில நாட்களிலேயே அதுவும் கேலனுக்கு மாறி, தொட்டியின் அளவு தெரியாமல் நின்றது. இரண்டு மீட்டர்கள் ஒரே விதமாக அடுத்தடுத்துக் கெட்டுப்போயிருக்க முடியாது என்று அப்போதுதான் உறுதியானது. அதன்பின் செட்டிங் எப்போது அழிகிறது என்பதை ஒரு நோட்டில் குறித்துவந்தேன். எஞ்சின் சூடாக இருந்து சட்டென்று பிடித்துக்கொண்ட நாட்களில் ஒருமுறைகூட அழியவில்லை. நெடுநேரம் குளிர்ந்து கிடந்த எஞ்சினை ஸ்டார்ட்டர் சற்று நேரம் இழுத்துச் சுழற்ற வேண்டியிருந்த காலைகளில்தான் அழிந்தது.

காரணம் தெரிய மறுபடி அளந்தேன். இம்முறை ஸ்டார்ட்டர் சுழன்றுகொண்டிருக்கும்போது அளந்தேன். பேட்டரியின் முனைகளில் 10.5 வோல்ட் இருந்தது. அந்த நிலையில் அது குறை சொல்ல முடியாத அளவு. எஞ்சின் பக்கம், ஸ்டார்ட்டருக்குப் போகும் கேபிள் முடியும் இடத்தில், 8.1 வோல்ட்தான் இருந்தது. இடையில் 2.4 வோல்ட் எங்கோ தொலைந்துகொண்டிருந்தது. மல்டிமீட்டரின் (வோல்ட், ஓம் அளக்கும் கைக்கருவி) ஒரு முனையைப் பேட்டரியின் பாசிட்டிவ் முனையிலும் மறுமுனையை அதே கேபிளின் அடுத்தடுத்த இணைப்புகளிலும் வைத்து நகர்த்திக்கொண்டே போனதில், மெயின் ஸ்விட்சில் பொருத்தியிருந்த லக்கை (கேபிள் முனையில் நெரித்து மாட்டும் உலோக முனை) தாண்டியதும் அந்த 2.4 வோல்ட்டில் பெரும்பங்கு அங்கே நின்றது. வெளியே அது பளிச்சென்றுதான் இருந்தது. மேலுறையைச் சீவிப் பார்த்தபோது உள்ளே செம்புக் கம்பிகள் பச்சை பூத்து, உதிரும் நிலையில் இருந்தன. வெள்ளீயம் பூசாத செம்புக் கம்பியில் உப்பு ஈரம் ஏறினால் உறைக்குள்ளேயே அரிப்பு நெடுந்தூரம் பரவும்.

பணிமனையின் அளவீட்டில் இது ஏன் தெரியவில்லை என்பதைச் சற்று விளக்க வேண்டும், ஏனென்றால் உங்களிடமும் இதே பதிலைத்தான் சொல்வார்கள். ஸ்டார்ட்டர் 150 ஆம்பியர் இழுப்பதாக வைத்துக்கொள்வோம். இணைப்பில் 0.016 ஓம் தடை இருந்தாலே 2.4 வோல்ட் போய்விடும். அந்த ஓர் இடத்தில் 360 வாட் வெப்பமாகும். அதே தடை வழியே மீட்டர் மட்டும் அரை ஆம்பியர் இழுத்தால் இழப்பு 0.008 வோல்ட், 12 வோல்ட்டை அளக்கும்போது சாதாரண மல்டிமீட்டரில் அது கண்ணில் படாது. எனவே எஞ்சின் சும்மா இருக்கும்போது எடுக்கும் அளவு எப்போதும் அழகாகவே இருக்கும். மேலும், ஸ்டார்ட்டர் நிலையிலிருந்து அசையத் தொடங்கும் முதல் கணத்தில் மின்னோட்டம் இன்னும் வெகுவாக உயரும். சாதாரண மல்டிமீட்டர் அந்தக் கணத்தைப் பிடிக்காது. அது காட்டிய 8.1 வோல்ட்டைவிட உண்மையான சரிவு மிக ஆழமானது. படகு மின்னணுக் கருவிகளுக்கான என்.எம்.இ.ஏ. 2000 வலையமைப்பில் கருவிகள் 9 முதல் 16 வோல்ட் வரை வேலை செய்ய வேண்டும் என்பது வரையறை. அதற்குக் கீழே போகும்போது மீட்டரின் நுண்செயலி முழுவதும் அணையாமலும் ஒழுங்காக ஓடாமலும் தடுமாறலாம். அந்த வேளையில் நினைவகத்தில் எதையாவது எழுதிக்கொண்டிருந்தால் பதிவு குலைந்துபோகிறது. அடுத்து விழிக்கும்போது பதிவு செல்லாது என்று கண்டு, தொழிற்சாலை செட்டிங்குகளுக்குத் திரும்பிவிடுகிறது.

நான் மின் பொறியியல் படித்ததில்லை. இதையெல்லாம் மீட்டர் தானாகவே தாங்க வேண்டாமா, நல்ல மீட்டர் என்றால் செட்டிங்கை எப்படி இழக்கும் என்று கேட்பவர்கள் வருவார்கள். தாங்கத்தான் வேண்டும், தாங்கும் மீட்டர்களும் உண்டு. ஆனால் அரித்துப்போன கேபிளை அப்படியே விட்டுவிட்டு உறுதியான மீட்டரை மாட்டினால், இன்று செட்டிங்கைத் தின்ற அதே இணைப்பு நாளை நடுக்கடலில் எஞ்சினைக் கிளப்பவிடாமல் செய்யும். மீட்டர் எனக்கு முன்கூட்டியே எச்சரிக்கை தந்துகொண்டிருந்தது என்றே கருதுகிறேன்.

இங்கே என் மனக்குறையையும் சொல்லிவிடுகிறேன். ஸ்டார்ட்டர் சுழலும் சுமையோடு வோல்ட் இழப்பை அளப்பது சில நிமிட வேலை, சாதாரண மல்டிமீட்டரே போதும். அதைச் செய்யாமல் விலை உயர்ந்த உதிரியை மாற்றிவிட்டு, பழுது தீராதபோது இன்னோர் உதிரியின் பெயரைச் சொல்வது பழுது பார்ப்பதாகாது. தொட்டியில் எவ்வளவு எரிபொருள் இருக்கிறது என்று மீட்டரை நம்பித்தான் கரையிலிருந்து எவ்வளவு தூரம் போவது என்று முடிவு செய்கிறோம். அது தவறான கொள்ளளவை வைத்துக் கணக்குப் போட்டால் பாதிக்கப்படுவது உயிர். இதை வெறும் வசதிக் குறைவாகப் பேசுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை.

நீங்கள் அளக்கும்போது நெகட்டிவ் பக்கத்தையும் அதே முறையில் பாருங்கள். பலர் பாசிட்டிவை மட்டும் பார்த்துவிட்டு நிறுத்திவிடுகிறார்கள். அவசர நிறுத்தக் கயிற்றைக் கழற்றிவிட்டால் சில எஞ்சின்கள் பிடிக்காமல் சுழல மட்டும் செய்யும், அளக்க வசதியாக இருக்கும். சில சுழலவே மறுக்கும். உங்களுடையது படகுக்குள் பொருத்திய, புகைக்குழாயில் கடல்நீர் கலக்கும் எஞ்சின் என்றால் பிடிக்கவிடாமல் நெடுநேரம் சுழற்றாதீர்கள். நீர் திரும்பிச் சிலிண்டருக்குள் ஏறிவிடும். பெட்ரோல் வாடை இருந்தால் எதையும் தொடாதீர்கள். கேபிளைக் கழற்றும்போது முதலில் நெகட்டிவைக் கழற்றுங்கள்.

சுழற்றும்போதும் வோல்ட் சரியாக இருக்கிறது என்றால் வேறு சில காரணங்கள் இருக்கின்றன. சில மீட்டர்களுக்கு, கார் ரேடியோவைப் போல, சாவியைச் சாராத நிரந்தர மின் வயர் ஒன்று தனியாக உண்டு. அதன் ஃபியூஸ் போயிருந்தாலோ, அதை மெயின் ஸ்விட்சுக்குப் பின்னால் இணைத்திருந்தாலோ ஸ்விட்சை அணைக்கும்தோறும் நினைவு போகும். சாவியை அணைத்த கையோடு மெயின் ஸ்விட்சையும் அணைக்கும் பழக்கம் இருந்தால், இடையில் சற்று நேரம் விட்டுப் பாருங்கள். சில மாதிரிகள் சாவியை அணைத்த பிறகுதான் பதிவை முடிக்கின்றன. ஒரே வலையமைப்பில் இரண்டு மீட்டர்கள் இருந்து ஒன்றில் பழைய செட்டிங் இருந்தால், அது மற்றதன் மேல் எழுதிவிடுவதும் உண்டு. ஒன்றைக் கழற்றி வைத்துச் சோதிக்கலாம். வலையமைப்பின் இரு முனைகளிலும் 120 ஓம் தடைகள் இருக்க வேண்டும். மின்சாரத்தை அணைத்துவிட்டு இரண்டு தரவு வயர்களுக்கிடையே அளந்தால் 60 ஓம் வர வேண்டும். ஆனால் இந்தத் தடைகள் சரியில்லாத கோளாறில் மீட்டரில் தெரியும் எண்கள் விட்டுவிட்டு மறைவதே வழக்கம். செட்டிங் அழிவதற்கு அதைக் கடைசியாகச் சந்தேகித்தால் போதும்.

கேபிளை வெள்ளீயம் பூசிய செம்புக் கம்பியாக மாற்றி, லக்கை அதற்குரிய கருவியால் நெரித்து, உள்ளே பசை உள்ள சுருங்கும் உறையைப் போட்ட பிறகு என் மீட்டர் ஒருமுறையும் செட்டிங்கை இழக்கவில்லை. பழைய மீட்டரையும் மாட்டிப் பார்த்தேன். அதுவும் நன்றாகவே இருக்கிறது. நீங்கள் சரிசெய்ததும் ஒவ்வொரு செட்டிங் பக்கத்தையும் படம் எடுத்து வைத்துக்கொண்டு மறுபடி பதியுங்கள். தொட்டியின் அளவுத் திருத்தத்தை மட்டும் பழைய எண்களைப் பார்த்துப் பதியாமல், காலித் தொட்டியிலிருந்து கால், அரை, முக்கால் என்று நிரப்பிக்கொண்டே அந்தந்த நிலையில் பதியுங்கள். பெரும்பாலான தொட்டிகள் படகின் அடிப்பகுதி வடிவத்துக்கேற்பக் கீழே குறுகி மேலே விரிவதால் பாதி உயரம் என்பது பாதி எரிபொருள் ஆகாது.