டிவிக்காரர்கள் சேர்த்த நாலு பேர்: மாஸ்டர் பதில்கள்

டிவி நிகழ்ச்சிக்காக ஆள் பிடித்துச் சேர்த்த பாட்டுக் குழுவை நிஜமான பேண்டு என்று சொல்லலாமா? இந்த வாரம் இதைப் பற்றிக் கேளுங்கள் என்றிருந்தேன். ராமேசுவரம் தீவிலும் இந்தக் கரை முழுக்கவும் திருவிழா மேடைகளில் கீபோர்டு வாசித்தே பிழைத்தவன் நான். பாட்டு, மேடை, ஒயர் பற்றிக் கேட்டால் பதில் வரும்.

மண்டபம்: மாஸ்டர், இந்தப் பேச்சு வந்தாலே எல்லோரும் மங்கீஸ் என்கிறார்களே, யார் அவர்கள்?

1965-ல் அமெரிக்காவில் ராபெல்சன், ஷ்னைடர் என்று இரண்டு தயாரிப்பாளர்கள், ஒரு பேண்டைப் பற்றிய டிவி தொடருக்கு நாலு பையன்கள் தேவை என்று பத்திரிகையில் விளம்பரம் கொடுத்தார்கள். நானூறுக்கு மேல் பேர் வந்தார்கள். கடைசியில் சேர்ந்த நாலு பேரில் நெஸ்மித்தும் டோர்க்கும் ஏற்கெனவே வாசிக்கிறவர்கள். டேவி ஜோன்ஸ் இங்கிலாந்து நாடக மேடையிலிருந்து வந்தவர். டோலன்ஸ் சின்ன வயதிலேயே டிவியில் நடித்தவர். டிரம்ஸ் அடிக்கிற வேடம் என்றதும்தான் அவர் டிரம்ஸ் கற்றுக்கொண்டார். 1966 செப்டம்பரில் தொடர் வந்தது, பாட்டெல்லாம் ஹிட். ஆனால் முதல் இரண்டு ஆல்பங்களிலும் வாசித்தது பெரும்பாலும் ஸ்டுடியோ ஆட்கள்தான். இரண்டாவது ஆல்பம் வெளியானதே இவர்களுக்குத் தெரியாது. இசைப் பொறுப்பில் இருந்த டான் கிர்ஷ்னரோடு சண்டை போட்டு, அவரை வெளியே அனுப்ப வைத்து, 1967-ல் மூன்றாவது ஆல்பத்தைத் தாங்களே வாசித்துப் பதிவு செய்தார்கள். 'ஹெட்குவார்ட்டர்ஸ்' என்று பெயர். ஒரு வாரம் முதலிடத்தில் நின்றது. அடுத்த வாரமே பீட்டில்ஸின் 'சார்ஜென்ட் பெப்பர்' வந்து இறக்கிவிட்டது.

வேலைக்கு எடுத்த நாலு நடிகர்கள் முதலாளியை எதிர்த்து நின்று, எங்கள் பாட்டை நாங்கள்தான் வாசிப்போம் என்றார்களே, என் கணக்கில் அன்றைக்குத்தான் அவர்கள் பேண்டு ஆனார்கள்.

தொண்டி: ரிக்கார்டில் வாசிக்காதவன் எப்படி மாஸ்டர் பேண்டு ஆவான்? ஊரை ஏமாற்றுகிற வேலை.

அப்படியானால் பேர்ட்ஸ் என்ற அமெரிக்கக் குழுவையும் கழித்துவிட வேண்டியதுதான். 1965-ல் அவர்களைத் தூக்கிவிட்ட 'மிஸ்டர் டாம்பரின் மேன்' பதிவில் அந்தக் குழுவிலிருந்து வாத்தியம் வாசித்தவர் மெக்வின் ஒருவர்தான். டிரம்ஸ் ஹால் பிளேன், ஸ்டுடியோ ஆள். பீச் பாய்ஸ் என்ற இன்னொரு அமெரிக்கக் குழுவின் 'பெட் சவுண்ட்ஸ்' ஆல்பத்திலும் வாத்தியத்தில் பாதிக்கு மேல் அதே கூட்டம்தான். அவர்களை யாரும் போலி என்று சொல்லவில்லை, ஏனென்றால் அவர்களைச் சேர்த்தது டிவி இல்லை. நம் சினிமாவில் வாயசைப்பவர் ஒருவர், பாடுபவர் ஒருவர், வயலின் வாசிக்கும் நாற்பது பேருக்குப் பெயரே கிடையாது. அதைக் காலம் காலமாகக் கேட்டு வளர்ந்தவருக்கு இதில் மட்டும் ஏன் அண்ணே கோபம்?

பாம்பன்: மாஸ்டர், கிட்டார் ஸ்டிரிங் மாதம் ஒன்று துருப்பிடிக்கிறது. நல்ல கம்பெனி சொல்லுங்கள்.

எந்தக் கம்பெனி வாங்கினாலும் உப்பு சுமந்து வரும் கச்சான் காற்றுக்குத் தாங்காது தம்பி. வாசித்து முடித்ததும் காய்ந்த துணியால் ஒவ்வொரு கம்பியாகத் துடைத்து, பையில் போட்டு ஜிப்பை மூடு. சுவரில் அழகுக்கு மாட்டாதே. ஒயரின் ஜாக்கையும் பார், பச்சை பூத்திருந்தால் கரகரவென்று சத்தம் அதிலிருந்துதான்.

கீழக்கரை: நம் நாட்டில் இப்படி ஏதாவது உண்டா?

உண்டு தங்கச்சி. 2002-ல் சேனல் வி என்ற இசை டிவி நடத்திய தேர்வில் ஐந்து பெண்களைச் சேர்த்து 'விவா' என்று இந்தியில் ஒரு குழு. கொஞ்ச நாளில் கலைந்துபோனது. அதில் இருந்த நேஹா பாசின்தான் 2007-ல் 'சத்தம் போடாதே' படத்தில் 'பேசுகிறேன் பேசுகிறேன்' பாடினார். பாடத் தெரிந்த பெண்கள்தான், ஆனால் இது எங்கள் குழு என்று சண்டை போடுகிற அளவுக்கு அவர்கள் சேர்ந்து இருக்கவில்லை.

தேவிபட்டினம்: ஒரே வார்த்தையில் சொல்லுங்கள், மங்கீஸ் பேண்டா இல்லையா?

பேண்டுதான்.

ஏர்வாடி: அப்போ மங்கீஸை நிஜ பேண்டு என்று சொல்லலாமா மாஸ்டர்?

மேலே தேவிபட்டினத்துக்குச் சொன்ன பதிலைப் படியுங்கள்.

தொண்டி: இருங்கள். டிராக் போட்டு, அதாவது முன்பே பதிந்த இசையை ஓடவிட்டு, வாசிக்கிற ஆர்கெஸ்ட்ராக்காரர்களை வாய்க்கு வந்தபடி திட்டுவீர்களே, அமெரிக்காக்காரனுக்கு மட்டும் சலுகையா?

அப்படிக் கேளுங்கள்! இது கேள்வி. இன்றைக்குக் கோயில் கொடைக்கு வரும் குழுக்களில் பலதில் பாடகர் குரல் மட்டும் இல்லாத மைனஸ் ஒன் டிராக் ஓடுகிறது, கீபோர்டுக்காரர் ஒலி வராத கட்டையை அழுத்திக்கொண்டு கூட்டத்தைப் பார்த்துச் சிரிக்கிறார். திட்டத்தான் செய்வேன். மங்கீஸ் செய்தது நேர் எதிர். முதல் ரிக்கார்டுகளில் பெரும்பாலும் வாசித்தது அவர்கள் இல்லை, ஆனால் 1966 டிசம்பரிலிருந்து மேடையேறி அவர்களே வாசித்தார்கள். ரசிகைகள் போட்ட கூச்சலில் எவ்வளவு கேட்டிருக்கும் என்பது வேறு விஷயம்.

மேடையில் என்ன நடக்கும் தெரியுமா? தங்கச்சிமடத்தில் ஒரு கச்சேரி. பாடகர் இரண்டாவது சரணத்தை இடையிசை முடிவதற்கு இரண்டு தட்டு முன்னாலேயே எடுத்துவிட்டார். தபேலாக்காரர் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார், நான் பேஸ்காரரைப் பார்த்தேன். அவர் இருந்த சுரத்தை அப்படியே விட்டுவிட்டுச் சரணத்துக்குத் தாவினார். தபேலாவில் ஒரு சின்ன உருட்டல், எல்லோரும் பாடகருக்குக் கீழே வந்து நின்றுவிட்டோம். கூட்டத்தில் ஒருத்தருக்கும் தெரியாது. டிராக் ஓடியிருந்தால் அது பாட்டுக்கு இடையிசை வாசித்திருக்கும், பாடகர் நடு மேடையில் முழித்திருப்பார். ஒருத்தன் தடுக்கினால் மற்ற மூன்று பேரும் காதைக் கொடுத்துப் பிடிக்கிறார்களா என்றுதான் நான் பார்ப்பேன். சேர்த்துவைத்தது டிவியா, ஒரே தெருவா, சொந்தக்காரரா என்பதெல்லாம் எனக்கு அப்புறம்தான்.

மண்டபம்: கிட்டார் மேதை ஜிமி ஹெண்ட்ரிக்ஸ், மங்கீஸ் கச்சேரிகளில் அவர்களுக்கு முன்னால் மேடையேறி வாசித்தாராமே?

ஆமாம், 1967 கோடையில். டேவி ஜோன்ஸைப் பார்க்க வந்த பிள்ளைகள் அவரை வாசிக்க விடவில்லை. சில ஊர்களோடு விலகிவிட்டார்.

ராமநாதபுரம்: பழைய கீபோர்டு என்ன விலைக்கு வாங்கலாம்?

விலை அப்புறம். ஒவ்வொரு கட்டையையும் மெதுவாக ஒரு தரம், ஓங்கி ஒரு தரம் அழுத்திப் பாருங்கள். கடலோர வீட்டில் இருந்ததென்றால் உள்ளே உப்பு ஏறியிருக்கும், வேண்டாம்.

தொண்டி: கடைசியாக ஒன்று. ஆர்ச்சீஸ்?

மங்கீஸ் வெளியே அனுப்ப வைத்தார்களே, அந்தக் கிர்ஷ்னரின் அடுத்த வேலை. கார்ட்டூன் பேண்டு. 1969-ல் 'சுகர், சுகர்' முதலிடம் போனது. பாடியது ரான் டான்டி என்ற ஸ்டுடியோ பாடகர், திரையில் ஆடியது படம். பாட்டு அருமை, பேண்டு இல்லை. இதிலாவது நீங்களும் நானும் ஒரே கட்சி அண்ணே. அடுத்த வாரம் வேறு ஊர்க்காரர்களுக்கும் கொஞ்சம் வழி விடுங்கள்.